வளர்ப்புக் கிளி: உடல்நலமும் பராமரிப்பும்

தாம்பரத்துக்கு மேற்கே, வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் உள்ள படப்பை போன்ற ஊர்களின் தோப்புகளில் கூவித் திரியும் செந்தார்ப் பைங்கிளியை (பச்சைக்கிளி) வீட்டில் வளர்க்க முடியாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். கிளி ஜோசியக்காரரின் கூண்டுக்கும் இதே சட்டம்தான். கடைகளில் விற்கும் பட்ஜி, காக்கட்டீல், ஆப்பிரிக்கக் காதல் பறவை ஆகியவை வெளிநாட்டு இனங்கள், அவற்றை வளர்க்கலாம்.

தினையை மட்டுமே போட்டு வளர்ப்பது நம் வீடுகளில் பரவலான தவறு. இதனால் வைட்டமின் ஏ குறைந்து மூச்சுப்பாதை நோய்கள் எளிதில் தொற்றும். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, கேரட் இவற்றையும் பழக்க வேண்டும். அவகாடோவும் சாக்லேட்டும் நஞ்சு. அளவுக்கு மீறிக் காய்ந்த நான்ஸ்டிக் சட்டியின் புகை சில நிமிடங்களில் கிளியைக் கொன்றுவிடும். சமையலறையில் கூண்டு கூடாது. மே மாத வெயிலில் வாயைப் பிளந்து, இறக்கையை விரித்து மூச்சிரைத்தால் உடனே நிழலுக்கு மாற்ற வேண்டும்.

வேட்டைக்கு இரையாகும் பறவையாதலால் கிளி நோயைக் கடைசிவரை மறைக்கும். எனவே சமையலறைத் தராசில் வாரந்தோறும் எடை பார்ப்பது நல்லது. பட்ஜியின் எடையே 30–40 கிராம்தான்; அதில் 3, 4 கிராம் குறைந்தாலும் அலட்சியம் கூடாது. காய்ந்த எச்சத்தின் தூசியால் சிட்டகோசிஸ் என்னும் பாக்டீரியா நோய் மனிதருக்கும் பரவும். விடாத காய்ச்சல், இருமல் என்று மருத்துவரிடம் போகிறவர், வீட்டில் கிளி இருப்பதையும் சொல்லிவிட வேண்டும்.