ஃபீட்பேக் பிறந்த கோடைக்காலம்

"காலேஜ் நினைவுகள் ஏற்கெனவே நாற்பது பக்கத்துக்கு வந்துவிட்டது தம்பி, நீயாவது வேறு ஏதாவது எழுதிக் கொடு" என்று மலர்க்குழுவிலிருந்து சீனியர் ஒருவர் போனில் சொன்னார். சரி அண்ணா என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் நம் வகுப்பறையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

ஐந்தாவது செமஸ்டர் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு கட்டம், அதிலிருந்து வெளியே போகும் ஓர் அம்பு. அந்த அம்பிலிருந்து ஒரு கோடு கிளை பிரிந்து, சுற்றித் திரும்பி வந்து, மைனஸ் குறியோடு ஒரு சின்ன வட்டத்துக்குள் நுழையும். அந்தக் கோட்டுக்குப் பெயர் ஃபீட்பேக். அது சரியாகப் பிடிபடாமல் அரியர் வைத்தவர்களில் அடியேனும் ஒருவன்.

வேலைக்குப் போன இடத்தில் அதே சொல்லை எச்.ஆர். துறையினர் வாயில் கேட்டபோது சிரிப்பு வந்தது. வருடா வருடம் ஃபீட்பேக் படிவம். கம்பெனியில் ஏதோ பெரிய மாற்றம் கொண்டு வருகிறோம் என்று சொல்லி இரண்டு நாள் பயிற்சியும் நடந்தது. பயிற்சியாளர் பலகையில் மூன்று கட்டம் போட்டார். முதலில் உறைந்து கிடப்பதை இளக்க வேண்டும், பிறகு மாற்ற வேண்டும், பிறகு மறுபடி உறைய வைக்க வேண்டும். கர்ட் லெவின் சொன்னது என்றார். யாருங்க அவர் என்று கேட்டேன். "ஒரு மேனேஜ்மென்ட் அறிஞர்" என்றார். அதற்கு மேல் அவரிடம் விஷயம் இல்லை. பிற்பாடு பழைய புத்தகக் கடையொன்றில், ஆல்ஃபிரட் மாரோ 1969-ல் எழுதிய லெவினின் வாழ்க்கை வரலாறு கையில் கிடைத்தது. படிக்கப் படிக்க, அந்த மூன்று கட்டங்களுக்குப் பின்னால் இருந்தவர்களே வேறு என்று தெரிந்தது.

லெவின் 1890-ல் அன்றைய பிரஷ்ய நாட்டு மொகில்னோவில் பிறந்த யூதர். முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகச் சண்டை போட்டுக் காயம்பட்டவர். 1933-ல் ஹிட்லர் வந்ததும் அமெரிக்கா போய்விட்டார். தாயாரைக் காப்பாற்ற எவ்வளவோ முயன்றும் முடியவில்லை. அந்த அம்மாள் நாஜி முகாமில் மாண்டார். மனிதர் ஒரு கூட்டமாகச் சேர்ந்தால் ஏன் இப்படி மாறுகிறார்கள் என்ற கேள்வி இப்படிப்பட்டவருக்கு வெறும் பாடப்புத்தகக் கேள்வியாக இருந்திருக்க முடியாது. எம்.ஐ.டி.யில் அவர் அமைத்த குழு இயக்க ஆய்வு மையம் அந்தக் கேள்வியைத்தான் கையில் எடுத்தது.

இனி இன்னொருவர். கனெக்டிகட் மாநில அரசு 1943-ல் இனங்களுக்கிடையிலான உறவுகளுக்கென ஓர் ஆணையம் அமைத்தது. அமெரிக்க மாநிலங்களில் இப்படியொரு அமைப்பு அதுதான் முதல் என்பார்கள். மறு வருடம் அதன் முதல் ஊழியராகச் சேர்ந்தவர் ஃபிராங்க் சிம்ப்சன் என்ற கறுப்பின சமூகப் பணியாளர். போர் முடிந்த நேரம். வேலையிலும் வீட்டு வாடகையிலும் கறுப்பர்களுக்கும் யூதர்களுக்கும் கதவு சாத்தப்பட்டுக்கொண்டிருந்தது. ஊருக்கு ஊர் நல்லெண்ணத்தோடு கூட்டம் போட ஆட்கள் இருந்தார்கள். காரியம் நடத்தத் தெரிந்தவர்கள் இல்லை. அவர்களைத் தயார் செய்ய ஆணையம் லெவினைத் தேடிப் போனது. இன்று 'இன நீதி மற்றும் நிறுவன மாற்ற ஆலோசனை' என்று பலகை மாட்டியிருக்கும் கன்சல்டன்சி கம்பெனிகளின் வேர் இங்கேதான் என்பது என் எண்ணம். கூப்பிட்டது ஒரு கறுப்பர் பணியாற்றிய அரசு அலுவலகம். நம் பயிற்சியாளர் போட்ட ஸ்லைடுகளில் சிம்ப்சன் பெயர் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

1946 கோடையில், நியூ பிரிட்டன் ஊரில் இருந்த ஆசிரியர் கல்லூரியில் பட்டறை நடந்தது. நாற்பது பேர் அளவில் வந்திருந்தார்கள். ஆசிரியர்கள், சமூகப் பணியாளர்கள்தான் அதிகம். பாதிப் பேர் சிறுபான்மையினர். குழுக்களை நடத்திய ரொனால்ட் லிப்பிட், கென்னத் பென், லேலண்ட் பிராட்ஃபோர்ட் மூவருமே வெள்ளையர்கள். ஒவ்வொரு குழுவிலும் ஓர் ஆய்வாளர் ஓரமாக உட்கார்ந்து யார் பேசினார், யார் அடங்கிப்போனார் என்று குறிப்பெடுப்பார். சாயங்காலம் லெவின் தலைமையில் இவர்கள் மட்டும் கூடி, அன்றைய குறிப்புகளை அலசுவார்கள். வந்தவர்களில் பலர் வீட்டுக்குப் போய்விட, கல்லூரியிலேயே தங்கியிருந்த சிலருக்குப் பொழுது போகவில்லை. ஒரு நாள் மூன்று பேர் வந்து, நாங்களும் உட்காரலாமா என்று கேட்டார்கள்.

ஒரு நிமிடம் நிறுத்திக் கொள்கிறேன். பரீட்சைத் தாள் திருத்தும் அறைக்குள் போய், நானும் கொஞ்சம் உட்காரட்டுமா சார் என்று நம் மாணவன் ஒருவன் கேட்டால் என்ன நடந்திருக்கும்? லெவின் உட்காரச் சொன்னார்.

அன்றைய குறிப்பு ஒன்று, வந்திருந்த மூவரில் ஒரு பெண்மணியைப் பற்றியது. குழுவில் அவர் இப்படி நடந்துகொண்டார் என்று ஆய்வாளர் வாசிக்க, அந்த அம்மாள் குறுக்கிட்டு, அப்படியில்லை, நடந்தது வேறு என்று தன் பக்கத்தைச் சொன்னார். ஆய்வாளர், குழுவை நடத்தியவர், அந்த அம்மாள் மூவருக்கும் வாக்குவாதம். லெவினுக்கு ஒரே சந்தோஷம். துருவித் துருவிக் கேள்வி கேட்டார். மறுநாள் சாயங்காலம் இன்னும் பலர் வந்தார்கள். பிறகு பகல் வகுப்பை விட இந்தச் சாயங்கால அமர்வுதான் பெரிதாகிவிட்டது.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, மார்ச் 1946-ல், நார்பர்ட் வீனர் போன்றவர்கள் ஃபீட்பேக் பற்றி விவாதித்த மேசி மாநாட்டில் லெவினும் இருந்தார். பெல் ஆய்வகத்தின் ஹெரால்ட் பிளாக் 1927-ல் ஆம்ப்ளிஃபயருக்காகக் கண்டுபிடித்த அந்த மைனஸ் குறிக் கோடு மனிதக் குழுவுக்குள் வந்த வழி இதுதான். யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவர் அறைக்குள் இருந்து, 'இல்லை' என்று சொல்ல முடிந்தால்தான் அது ஃபீட்பேக். படிவம் நிரப்பிப் பெட்டியில் போடுவது வெறும் அவுட்புட்.

இந்த இடத்தைப் படித்தபோது நம் ஹாஸ்டல் மெஸ் கமிட்டி ஞாபகத்துக்கு வந்து உறுத்தியது. இரண்டாம் வருடம் நானும் மெம்பர். மாதா மாதம் மெஸ் மாஸ்டரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவோம். சாம்பாரில் பருப்பு இல்லை, ஆள் மரியாதை இல்லாமல் பேசுகிறார், எல்லாம் மினிட்ஸில் ஏறும். அவர் கதவுக்கு வெளியே தோளில் துண்டோடு நின்றுகொண்டிருப்பார். உள்ளே கூப்பிட வேண்டும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவே இல்லை. பருப்புக்கு என்ன பட்ஜெட் கொடுத்தோம் என்று அவர் கேட்டிருந்தால் எங்களிடம் பதில் இல்லை.

லெவின் பிப்ரவரி 1947-ல், 56 வயதில் இறந்துபோனார். கனெக்டிகட் மாநிலம் அதே ஆண்டு வேலைவாய்ப்பில் பாகுபாடு காட்டக்கூடாது என்று சட்டம் கொண்டு வந்தது. லிப்பிட் முதலான மூவரும் அந்தக் கோடையிலேயே மெய்ன் மாநிலத்து பெத்தெல் கிராமத்தில் தேசியப் பயிற்சி ஆய்வகத்தைத் தொடங்கினார்கள். 1950-களில் எஸ்ஸோ போன்ற பெரிய கம்பெனிகள் வந்தன. 'நிறுவன வளர்ச்சி' என்று ஒரு தொழிலே உருவானது. 1970-களின் தொடக்கத்துக்குள் இந்தியாவிலும் இதற்கென ஒரு சங்கம் அமைந்துவிட்டது. ஆனால் காசு கொடுத்த கம்பெனிகளுக்கு வேண்டியிருந்தது நல்ல மேனேஜர்கள். கறுப்பருக்கு ஏன் இங்கே வேலை இல்லை என்ற கேள்வியை எல்லோரும் சௌகரியமாக ஓரத்தில் வைத்துவிட்டார்கள்.

அந்தக் கேள்வியைத் திரும்பக் கொண்டு வந்தவர்களில் மூவரைச் சொல்ல வேண்டும். கலீல் ஜாமிசன் என்ற பெண்மணி 1970-ல் தன் பெயரிலேயே ஆலோசனை நிறுவனம் தொடங்கினார். ஆண்கள் ராஜ்யமாக இருந்த தொழில் அது. கனெக்டிகட்டில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த கறுப்பினத்தவரான ஃபிரெட் மில்லர் 1979-ல் அவரோடு சேர்ந்தார். 1985-ல் ஜாமிசன் காலமாக, மில்லர் தலைமைப் பொறுப்பேற்றார். அவரோடு இணைந்த ஜூடித் காட்ஸ் 1978-லேயே ஒரு பயிற்சி நூல் எழுதியிருந்தார். இனவெறி வெள்ளையர்களின் பிரச்சினை, அவர்கள்தான் முதலில் உட்கார்ந்து கற்க வேண்டும் என்பது அதன் வாதம். கறுப்பரைக் கூப்பிட்டு 'உன் கஷ்டத்தைச் சொல்' என்று கேட்டுக்கொண்டிருந்த பழக்கத்தை இது தலைகீழாக்கியது. தனி ஆளின் மனத்தை மட்டும் பார்க்காதே, நிறுவனத்தின் விதிகளையும் பார் என்பது இவர்கள் தொழிலின் அடிப்படை. ஒரு மூடிய கிளப்பாக இருக்கும் நிறுவனம் எல்லோருக்குமானதாக மாற என்னென்ன படிகள் என்று பேய்லி ஜாக்சன், ரீட்டா ஹார்டிமன் போன்றவர்களும் அந்தக் காலத்தில் வரைந்து காட்டினார்கள். எஞ்சினியருக்குப் பிடித்த மாதிரியே படிப்படியான படம்.

இது எல்லாம் பலித்ததா? 2006-ல் அமெரிக்கச் சமூகவியலாளர்கள் மூவர் 708 தனியார் நிறுவனங்களின் முப்பது வருடக் கணக்கைப் பார்த்தார்கள். பயிற்சி வகுப்புகளால் மேலதிகாரிகள் மட்டத்தில் பெரிய மாற்றம் வரவில்லை. இது இன்னாருடைய பொறுப்பு என்று ஆளையோ குழுவையோ நியமித்த இடங்களில்தான் வந்தது. 1949-ல் லிப்பிட் எழுதிய நூலே இதற்குப் பக்கத்தில் வந்துவிட்டது. நியூ பிரிட்டனிலிருந்து தனி ஆளாக ஊர் திரும்பியவர் சோர்ந்துபோனார், ஒரே ஊரிலிருந்து குழுவாக வந்து திரும்பியவர்கள் வேலை செய்தார்கள் என்று கண்டிருந்தார். அதையும் யாரும் ஸ்லைடில் போடவில்லை.

ஜார்ஜ் ஃபிளாய்ட் 2020-ல் கொல்லப்பட்டபோது அமெரிக்கக் கம்பெனிகள் இந்த ஆலோசகர்களை ஓடி ஓடி அழைத்தன. ஜனவரி 2025-ல் அந்நாட்டு மத்திய அரசு தன் அலுவலகங்களில் இப்படிப்பட்ட திட்டங்களை நிறுத்த உத்தரவிட்டது. பல கம்பெனிகளும் பின்வாங்கின. 1950-களில் நடந்தது போல அந்தக் கேள்வி மறுபடி ஓரத்துக்குப் போயிருக்கிறது.

பழைய மெஸ் மாஸ்டர் ஓய்வு பெற்றுப் பக்கத்து ஊரில்தான் இருக்கிறாராம். சந்திப்பு நாளில் சாப்பாட்டுக் கமிட்டி கூடும்போது அவரையும் உள்ளே உட்காரச் சொல்லுங்கள் என்று செயலாளருக்கு எழுதியிருக்கிறேன். பருப்பு பட்ஜெட்டை அவரே கேட்கட்டும்.