குழந்தையின் முதல் உணவும் சீலியாக் நோயும்

கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, ஓசூர் வட்டாரம் கேழ்வரகு விளையும் பூமி. தாய்ப்பாலுக்கு அடுத்தபடியாக ராகிக் கூழும் குழைந்த சோறும் குடித்து வளர்ந்தவர்கள் இப்பகுதி மக்கள். இன்று அதே தட்டில் ரஸ்க், பிஸ்கட், பிரெட், பரோட்டா எல்லாம் சேர்ந்துவிட்டன. ஆலை வேலைக்காக இங்கே குடியேறியுள்ள வடமாநிலக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சப்பாத்திதான் அன்றாட உணவு. எனவே கோதுமையோடு தொடர்புடைய சீலியாக் நோயைப் பற்றி நம் பெற்றோர் அறிந்திருப்பது அவசியம்.

நோயின் தன்மை

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் உள்ளது. சிலருடைய உடலின் எதிர்ப்புச் சக்தி, இந்தப் புரதம் உள்ளே வந்ததும் தன் சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்துவிடுகின்றன. குழந்தை எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம் ஆகியவற்றில் குளூட்டன் இல்லை.

வடக்கும் தெற்கும்

இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்குப் பகுதிகளில் 23,331 பெரியவர்களிடம் நடத்திய ஆய்வு 2016-இல் வெளியானது. வடக்கே ஆயிரம் பேரில் எட்டுக்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் இருந்தது. தெற்கே பத்தாயிரத்தில் ஏறத்தாழ ஒருவருக்குத்தான். ஆனால் நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு இரு பகுதியினரிடமும் கிட்டத்தட்ட ஒரே அளவில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோரிடம் காணப்பட்டது. பெரிய வேறுபாடு கோதுமையில்தான்: வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் உண்டார், தெற்கே 25 கிராம். ஆகவே "இது வடக்கத்தியர் நோய்" என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

எப்போது, எவ்வளவு?

சுவீடனில் 1984 முதல் 1996 வரை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் இந்நோய் சுமார் நான்கு மடங்கு பெருகியது. தாய்ப்பால் நின்ற பிறகு, ஒரே மூச்சில் அதிக அளவு கோதுமை உணவு கொடுத்ததே காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. இதைச் சோதிக்க ஐரோப்பாவில் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2014-இல் வெளியாயின. நான்காவது மாதத்திலேயே சிறிதளவு குளூட்டன் கொடுத்தும் நோய் தடுக்கப்படவில்லை. பன்னிரண்டு மாதம் வரை தள்ளிப்போட்டபோது நோய் தாமதமாக வந்தது, ஆனால் ஐந்து வயதில் எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தது. நான்கு நாடுகளில் மரபணு வாய்ப்புள்ள 6,605 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2019-இல் வந்தது. முதல் ஐந்து ஆண்டுகளில் அதிக குளூட்டன் உண்டவர்களிடம் நோய் கூடுதலாக இருந்தது.

இவற்றிலிருந்து நாம் பெறும் பாடம்: கோதுமைக்கு அஞ்ச வேண்டாம், அதைத் திணிக்கவும் வேண்டாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். அதன்பின் ராகி, அரிசி, பருப்பு, முட்டை, காய்கறியோடு கோதுமையைச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். அங்கன்வாடி சத்துமாவிலும் கோதுமை உண்டு என்பதை நினைவில் வையுங்கள். அல்பகரா அத்தியாயத்தின் 233-ஆம் வசனம் பாலூட்டலுக்கு முழு இரண்டு ஆண்டுகளைக் குறிப்பிடுகிறது. உலக சுகாதார நிறுவனமும் இரண்டு வயது வரை பாலூட்டச் சொல்கிறது. தாய்ப்பால் சீலியாக்கைத் தடுக்கும் என்று நிரூபணமாகவில்லை. ஆனால் வயிற்றுப்போக்கு, தொற்றுநோய்களிலிருந்து அது காக்கிறது.

சவலை என்று விட்டுவிடாதீர்கள்

ஓயாத வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், எடை ஏறாமை, உயரம் குறைவு, மருந்து கொடுத்தும் தீராத இரத்தசோகை ஆகியவை முக்கிய அறிகுறிகள். இத்தகைய குழந்தையைச் "சவலை" என்பார்கள், "கண்ணேறு" என்பார்கள். தண்ணீர் ஓதி வாங்கப் பள்ளிவாசலுக்குத் தூக்கி வருவார்கள். துஆ செய்வோம், ஆனால் மருத்துவம் தேடச் சொன்னதும் நபிவழிதான். குழந்தை மருத்துவரிடம் சீலியாக் இரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி மூலம் குடலில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். பரிசோதனை முடியும் முன் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் நோய் இருந்தும் தெரியாமல் போகலாம்.

நோய் உறுதியானால் வாழ்நாள் முழுவதும் குளூட்டனை விலக்க வேண்டும். அதுவே சிகிச்சை. பெருநாள் சேமியா, ரவை, ஹலீம் மட்டுமல்ல, பார்லியில் செய்யும் தல்பீனாவும் மால்ட் பானங்களும் கூடாது. கடைப் பெருங்காயத்தூளில் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை அரைத்த மில்லில் ராகி அரைத்தாலும் கலப்பு ஏற்படும், வீட்டு மிக்ஸியில் அரைப்பது நல்லது. உடன்பிறந்தவர்களையும் பெற்றோரையும் பரிசோதிக்க வேண்டும், ஏனெனில் அவர்களுக்கு வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். கோதுமை நின்ற சில மாதங்களில் பெரும்பாலான குழந்தைகள் தேறி எடை கூடுகிறார்கள்.