வடிவம் பல, புதிர் சில

எர்னோ ரூபிக் 1974இல் புடாபெஸ்டில் தம் கனசதுரத்தை உருவாக்கினார். 1980இல் ஐடியல் டாய் நிறுவனம் அதை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனது. அடுத்த சில ஆண்டுகளில் பிரமிடு, உருண்டை, நட்சத்திரம், பன்னிருமுகி என்று விதவிதமான திருகுப் புதிர்கள் பொம்மைக் கடைகளில் வந்து குவிந்தன. மேலோட்டமாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் புதுக் கண்டுபிடிப்பு. ஆனால் அவற்றில் பல, ஏற்கெனவே இருந்த புதிர்களின் மறு உருவங்களே. ஒரு திருகுப் புதிரை இன்னதென்று தீர்மானிப்பது அதன் மேற்பரப்பு அல்ல, உள்ளே ஓடும் வெட்டுகள்தான். அந்தக் காலத்துச் சரக்கே இதற்குச் சாட்சி.

டோனி டர்ஹாம் வடிவமைத்து ஊவே மெஃபர்ட் விற்ற ஒரு கனசதுரத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு ‘ஸ்கியூப்’ என்று பெயர் வைத்தவர் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் பத்தி எழுதிவந்த டக்ளஸ் ஹாஃப்ஸ்டாட்டர். ரூபிக் கியூபில் பக்கங்கள் சுழலும். இதில் மூலையைப் பிடித்துத் திருகினால் கனசதுரத்தின் சரிபாதியே 120 பாகை சுழலும். காரணம், எதிரெதிர் மூலைகளை இணைக்கும் நான்கு கோடுகளுக்கும் செங்குத்தாக, நட்டநடு மையம் வழியே நான்கு வெட்டுகள் போகின்றன. இந்த நான்கு வெட்டுகள் வெளியை 14 பகுதிகளாகப் பிரிக்கின்றன. ஆகவே அந்த மையத்தைச் சுற்றி எந்தக் குவிந்த வடிவத்தை வைத்தாலும் கிடைப்பது 14 துண்டுகள்தான். கனசதுரத்தில் அவை 8 மூலைகளும் 6 நடுச் சதுரங்களும். பின்னாளில் இதே இயக்கத்தில் ‘ஸ்கியூப் டயமண்ட்’ என்ற எண்முகி வந்தது. அதில் அந்த 6 சதுரங்களும் எண்முகியின் முனைகளாகிவிட்டன. 8 மூலைகளும் தட்டையான முக்கோணங்களாகிவிட்டன. ‘ஸ்கியூப் அல்டிமேட்’ என்ற பன்னிருமுகியிலும் அதே 14 துண்டுகள்தான்.

இந்த இடத்தில் ஒரு வலுவான மறுப்பு எழும். கனசதுர ஸ்கியூபுக்கு 31,49,280 நிலைகள், எண்முகிக்கு 1,38,240, பன்னிருமுகிக்கு 10,07,76,960. எண்ணிக்கையே ஒத்துப்போகாதபோது மூன்றும் எப்படி ஒன்றாகும்? விடை அந்த எண்களிலேயே இருக்கிறது. மூன்றாவது எண்ணை 32ஆல் வகுத்தால் முதல் எண் வரும். 729ஆல் வகுத்தால் இரண்டாம் எண் வரும். கனசதுரத்தின் நடுச் சதுரம் ஒரே நிறம் கொண்டது. அது தலைகீழாகத் திரும்பியிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. மறைந்து போகும் அந்தத் திருப்பங்களின் கணக்கு 32. எண்முகியில் முக்கோணங்கள் ஒரே நிறம். அங்கே மறைவது 729. பன்னிருமுகியில் எந்தத் துண்டும் ஒற்றை நிறமல்ல, எதுவும் ஒளியாது. புதிர் ஒன்றுதான், அதில் எவ்வளவை வெளியே காட்டுவது என்பதை மட்டும் மேற்பரப்பு முடிவு செய்கிறது. அதனால் இந்தச் சமன்பாடு ஒருவழிப் பாதை: பன்னிருமுகியைத் தீர்க்கத் தெரிந்தவருக்கு அதே திருகல்கள் மற்ற இரண்டுக்கும் போதும். கனசதுரத்தை மட்டும் அறிந்தவர் பன்னிருமுகியைத் தொட்டால், கடைசியில் சில துண்டுகள் திரும்பி நின்று வழிமறிக்கும்.

இதற்கு நேர்மாறான சான்றும் உண்டு. மெஃபர்ட்டின் ‘பிரமின்க்ஸ்’, அதைப் போலவே தோன்றும் ‘பிரமார்ஃபிக்ஸ்’ இரண்டுமே நான்முகிகள். முன்னது நான்கு அச்சுகளில் சுழலும். பின்னது மூன்றே வெட்டுகளால் எட்டுத் துண்டான 2×2×2 கனசதுரம். நான்முகி அதன் வேடம் மட்டுமே. இனி ‘மெகாமின்க்ஸ்’ பன்னிருமுகியின் கதை. அதன் 20 மூலைத் துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டால் அதுவே ‘இம்பாசிபால்’ என்ற உருண்டை. 30 விளிம்புத் துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டால் ஐடியல் டாய் 1982இல் வெளியிட்ட ‘அலெக்ஸாண்டர்ஸ் ஸ்டார்’. உருண்டையும் நட்சத்திரமும் பார்வைக்கு எந்த ஒட்டுறவும் இல்லாதவை; இயக்கத்தில் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

கையில் பிடித்துத் தீர்ப்பவருக்கு வடிவம் மாறினால் அனுபவமே மாறுகிறதே என்று கேட்கலாம். உண்மைதான். கண் பழகிய அடையாளங்கள் போய்விடுகின்றன, விரல் தடுமாறுகிறது. ஆனால் அது துண்டை அடையாளம் காண்பதில் உள்ள சிரமம். கண்டுகொண்ட பிறகு, அதே திருகல் வரிசை அதே துண்டுகளை அதே இடத்துக்குத்தான் கொண்டுபோகும். அதற்காக இவற்றையெல்லாம் வெறும் விற்பனைத் தந்திரம் என்று ஒதுக்குவதும் நியாயமல்ல. எதை மறைப்பது, எதைக் காட்டுவது என்று தேர்வதும் வடிவமைப்பாளரின் வேலைதான். ஆனால் இந்தப் புதிர்களின் வரலாற்றை எழுதுகிறவர் வடிவங்களின் பட்டியல் போட்டால் போதாது. வெட்டுகளின் வம்சாவளியைத்தான் எழுத வேண்டும். அடுத்த முறை கடையில் புதுத் திருகுப் புதிர் ஒன்றைக் கையில் எடுத்தால், அது எத்தனை அச்சுகளில் சுழல்கிறது, வெட்டு மையம் வழியே போகிறதா என்று முதலில் பாருங்கள். ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருக்கும் புதிராகவே அது இருக்கக்கூடும்.