பானைக்குள் பிறந்த புளிப்பு: மாத்தளை மூலிகைக் காடிகளின் வரலாறு

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை நோக்கி ஏ9 வீதியில் போகிறவர்களுக்கு அலுவிகாரை, பலாபத்வல, நாலந்தா வரை இரு பக்கமும் வாசனைத் திரவியத் தோட்டங்கள் தென்படும். மிளகுக் கொடி, கறுவா, ஏலம், சாதிக்காய் என்று ஒவ்வொன்றாகக் காட்டி முடித்ததும் வழிகாட்டி பார்வையாளரைக் கடைக்குள் அழைத்துச் செல்வார். தைலங்களுக்கும் களிம்புகளுக்கும் நடுவே வினாகிரியில் ஊறிய மூலிகைப் பானங்களும் சில இடங்களில் இருக்கும். அவற்றுக்கு ஆயிரமாண்டுப் பழமை சொல்லப்படும். அந்தப் பழமையில் எது உண்மை, எது விற்பனைப் பேச்சு என்பதே இக்கட்டுரையின் கேள்வி. என் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். போத்தலில் உள்ள மூலிகைகளில் பாதிக்கு மேல் மிகப் பழையவை. அவற்றைத் தாங்கி நிற்கும் வினாகிரி இந்த மலைநாட்டுக்குப் பிந்தி வந்தது. முன்பு புளிப்பு மூலிகையோடு சேர்ந்து பானைக்குள்ளேயே உண்டானது. இன்று அது வெளியிலிருந்து வாங்கி ஊற்றப்படுகிறது.

பழைய சான்று எதிர்பாராத இடத்தில் கிடைக்கிறது. பாளி விநய பிடகத்தின் மகாவக்கத்தில் மருந்துகளைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. வயிற்று வாயுவால் வருந்திய ஒரு பிக்கு ‘லோணசோவீரகம்’ என்ற உப்பிட்ட புளிப்பு நீரைக் குடித்துக் குணமடைந்ததாகவும், நோயாளிகள் அதை அப்படியே அருந்தலாம், நோயற்றவர்கள் தண்ணீர் கலந்து பானமாக அருந்தலாம் என்று புத்தர் அனுமதித்ததாகவும் அது சொல்கிறது. வாய்மொழியாக வந்த இந்தப் பிடகங்கள் கி.மு. 1ஆம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் ஆட்சியில், ஏட்டில் எழுதப்பட்டன. எழுதப்பட்டது மாத்தளைக்கு வடக்கே சுமார் 3 கிலோமீற்றரில் உள்ள அலுவிகாரைக் குகைகளில் என்பது மரபு. மகாவம்சம் பிடகங்கள் எழுதப்பட்ட செய்தியைத் தருகிறதே தவிர இடத்தைச் சொல்லவில்லை. இடப்பெயரைத் தருபவை நிகாய சங்கிரகம் போன்ற பிற்கால நூல்கள். எப்படியானாலும், மூலிகைக் கடைகள் வரிசையாக நிற்கும் அதே வீதியோரத்தில்தான் ஒரு புளிப்பு மருந்தைப் பற்றிய குறிப்பு ஏடேறியது என்று மரபு சொல்கிறது. தோட்டக் கடைக்காரர்கள் இதைச் சொல்லி விற்காமல் இருப்பதுதான் எனக்கு வியப்பு.

அந்த மருந்து எதனால் செய்யப்பட்டது? விடை கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரம் மகாவிகாரையில் புத்தகோசர் எழுதிய சமந்தபாசாதிகா உரையில் இருக்கிறது. கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றின் கஷாயம்தான் அடிப்படை. அதனுள் எல்லாவகைத் தானியமும் பயறும், ஏழு தானியங்களின் சோறும், வாழைப்பழம் முதலான பழங்களும், பிரம்பு, தாழை, ஈந்து ஆகியவற்றின் இளங்குருத்துகளும் போகின்றன. மீன், இறைச்சித் துண்டுகள்கூட உண்டு. தேன், பாணி, இந்துப்பு, திரிகடுகம் சேர்த்துப் பானையின் வாயைப் பூசி அடைத்து ஓராண்டு, இரண்டாண்டு, மூன்றாண்டு என்று வைத்துவிடுவார்கள். பக்குவமானதும் அது நாவற்பழச் சாற்றின் நிறம் கொள்ளும். வாதம், இருமல், குட்டம், பாண்டு, பவுத்திரம் ஆகியவற்றுக்கும், நெய்ப்பு மிகுந்த உணவு உண்டபின் செரிமானத்துக்கும் அதற்கு நிகரில்லை என்கிறார் உரைகாரர். மீனும் இறைச்சியும் போட்டு மூன்றாண்டு மூடிவைத்த பானையைத் திறந்தவருக்கு நல்ல மனவுறுதி இருந்திருக்கும்.

இந்தச் செய்முறையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். இதில் வினாகிரி ஒரு பொருளாகச் சேர்க்கப்படவே இல்லை. சோற்றின் மாவுச்சத்தும் பழத்தின் இனிப்பும் தேனும் பாணியும் நொதித்துத் தாமே புளிக்கின்றன. வாய் பூசிய பானைக்குள் காற்று குறைவு. அசற்றிக் அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்குக் காற்று கட்டாயம் வேண்டும். இலக்ரிக் அமிலம் உண்டாக்குபவற்றுக்கு வேண்டாம். ஆகவே லோணசோவீரகத்தின் புளிப்பு இன்றைய வினாகிரியின் புளிப்பைவிட ஊறுகாய்ப் பானையின் புளிப்புக்கே நெருக்கமாக இருந்திருக்க வேண்டும். இன்னொன்று: புத்தகோசர் பழைய சிங்கள உரைகளை அடியொற்றியே எழுதினார். அதனால் இது மகாவிகாரைத் துறவிகளின் அறிவுக்குச் சான்று. மாத்தளைக் குடியானவர் அடுப்படிக்கு இதை நேரே பொருத்துவது மிகை.

ஆயுள்வேத நூல்கள் இதே குடும்பத்தை வேறு விதமாகப் பிரிக்கின்றன. சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானம் 84 ஆசவங்களை, அவை எதிலிருந்து பிறக்கின்றன என்ற அடிப்படையில் வகுக்கிறது: தானியம், பழம், வேர், வைரம், பூ, தண்டு, இலை, பட்டை, சர்க்கரை. சரகருக்குப் பல நூற்றாண்டு பிந்திய சார்ங்கதர சம்ஹிதை அளவு சொல்கிறது: வேறு அளவு குறிப்பிடப்படாத அரிட்டத்தில் வெல்லத்தில் பாதி தேன், பத்தில் ஒரு பங்கு தூள் மருந்து. நொதிக்கத் தாதகிப்பூ போடுவது வழக்கம். சிங்களத்தில் மலித்த எனப்படும் இச்செடி இலங்கையில் அரிது. மருந்தைக் காய்ச்சிக் கஷாயமாக்கிப் புளிக்கவிட்டால் அரிட்டம், காய்ச்சாமல் புளிக்கவிட்டால் ஆசவம் என்பது பிற்கால வைத்தியர் கைக்கொண்ட பிரிவு. இரண்டிலும் சாராயச்சத்து தானே உண்டாகும். அதுவே மருந்தைக் கரைத்தெடுக்கும், கெடாமலும் காக்கும்.

அரிட்டம் காற்றுப்பட்டுப் புளித்துவிட்டால் வைத்தியருக்கு நட்டம். ஆனால் அந்தப் புளிப்புக்கும் நூலில் ஓர் இடம் உண்டு. கெட்டுப் புளித்த மதுவையோ இனிப்பு நீரையோ மீண்டும் அடைத்து வைத்தால் அது சுக்தம் என்கிறார் சார்ங்கதரர். அவரே இன்னொரு சுக்தத்தையும் சொல்கிறார்: கிழங்கு, வேர், பழம் ஆகியவற்றை எண்ணெயும் உப்பும் சேர்த்து ஒரு நீர்மத்தில் ஊறிப் புளிக்கவிடுவது. இதுபோக, தானியக் காடி மருந்துக்கடையின் கருவியாகவும் இருந்தது. உலோகங்களைச் சுத்திசெய்யும்போது பழுக்கக் காய்ச்சி எண்ணெய், மோர், கோமூத்திரம், காடி, கொள்ளுக் கஷாயம் ஆகிய ஒவ்வொன்றிலும் ஏழு முறை தோய்ப்பார்கள். சித்த வைத்தியத்திலும் அயத்தைச் சுத்திசெய்யக் காடி வேண்டும்.

மூலப்பொருள்களுக்கு மாத்தளை வைத்தியர் அதிகம் அலைய வேண்டியிருக்கவில்லை. கிழக்கே லக்கல, வஸ்கமுவ பக்கத்து வறண்ட காடுகளும் புற்காடுகளும் கடுக்காய், தான்றி, நெல்லி மரங்களுக்கு ஏற்றவை. நக்கிள்ஸ் மலைச்சாரலில் கித்துளும் தேனும் உண்டு. மிளகைப் பற்றித் தொல்லியல் ஒரு செய்தி தருகிறது. மன்னாருக்கு அருகே மாந்தையில் எடுக்கப்பட்ட கருமிளகு கி.பி. 600ஐ ஒட்டியது, அங்கே கிடைத்த கராம்பு 900–1100 காலத்தது. கராம்பு மரம் மொலுக்காஸ் தீவுகளுக்கு உரியது. ஆகவே இங்கே மரம் நடப்படுமுன்பே அது கடல்வழிச் சரக்காக வந்திருக்கிறது. சாதிக்காய் மரமும் வனிலாவும் கொக்கோவும் ஐரோப்பியர் காலத்து வரவுகள். தோட்டத்தில் வழிகாட்டி பெருமையோடு நிறுத்திக் காட்டும் மரங்கள் பலவும் மருந்து நூல்களைவிட வயதில் இளையவை.

வினாகிரிக்கு வருவோம். தென்னங்கள்ளில் ஈஸ்ட் சில மணி நேரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். திறந்து வைத்தால் சாராயச்சத்து படிப்படியாக அசற்றிக் அமிலமாக மாறும். இதை ஒழுங்காகச் செய்து ஊறுகாய்க்கும் இறைச்சிக்கும் பயன்படுத்தும் பழக்கம் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் ஆண்ட கரையோரப் பட்டினங்களில் ஊன்றியது. மலாய் அச்சாறும் அவ்வழியே வந்தது. மாத்தளையோ 1815 வரை கண்டி இராச்சியத்தின் பகுதி. அங்கே சமையலுக்குப் புளிப்புத் தந்தவை தேசிக்காயும் கொறக்காவும். கண்டி நாட்டில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த றொபேர்ட் நொக்ஸ், கித்துளின் இனிய நீரையும் அதைக் காய்ச்சி எடுக்கும் வெல்லத்தையும் வர்ணிக்கிறார். மலைநாட்டில் பதநீர் பாணியாகவும் வெல்லமாகவும் கட்டப்பட்டது. அரிட்டத்துக்கு வேண்டிய இனிப்பும் அதுவே. வினாகிரி ஊருக்குள் பரவியது வண்டிப்பாதைகளும் 1880இல் மாத்தளைக்கு வந்த ரயிலும் கரையோரச் சரக்கை மலைக்கு ஏற்றிய பிறகே என்று கொள்வது பொருந்தும். மாவட்டத்தின் மேற்கே கலேவெல, பல்லேபொல பக்கம் குருநாகல் தென்னை நிலத்தோடு ஒட்டியிருப்பதால் கள் பின்னர் எளிதில் கிடைத்தது.

அதே காலத்தில் இன்னொரு புளிப்பும் வந்து சேர்ந்தது.  கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காடு கடந்து தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் கொலராவாலும் காய்ச்சலாலும் மாண்டவர்கள் பலர். அவர்களோடு வந்தது நீராகாரம்: இரவு ஊறிய சோற்றின் புளித்த நீர், உப்பு, சின்ன வெங்காயம். சூட்டுக்கும் வயிற்றுக்கும் அதுவே அவர்களுடைய மருந்து. லோணசோவீரகத்தின் ஏழைத் தங்கை என்று அதைச் சொல்லலாம். சோறும் உப்பும் புளிப்பும் இரண்டுக்கும் பொது. மாத்தளையின் முஸ்லிம் மக்களிடையே வழங்கும் யூனானி முறையில் வினாகிரியும் தேனும் சேர்ந்த சிக்கஞ்சபீன் உண்டு. இன்றைய கடைப் போத்தலுக்கு உண்மையான முன்னோர் தேடினால், ஆயுள்வேதத்தைவிட இந்தப் பாரசீகப் பானமே நெருங்கிய உறவு.

இருபதாம் நூற்றாண்டில் மருந்தை மாற்றியதில் வைத்தியரைவிடச் சட்டத்துக்கும் சந்தைக்கும் பங்கு அதிகம் என்பது என் கணிப்பு. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு நொதிக்கும் பானை அரசின் கண்ணுக்கு உரிய பொருளாயிற்று. 1961இன் ஆயுள்வேதச் சட்டம் சித்தம், யூனானி, தேசிய வைத்தியம் மூன்றையும் சேர்த்தே ஆயுள்வேதம் என வரையறுத்தது. அரிட்டம் மருந்தாக நிலைத்தது. ஆயினும் அதைச் செய்ய மருந்தறிவும் பல வாரப் பொறுமையும் வேண்டும். 1972இல் சிறு ஏற்றுமதிப் பயிர்களுக்கெனத் தனித் திணைக்களம் உருவாகியது; அதன் மத்திய ஆராய்ச்சி நிலையம் மாத்தளையில் உள்ளது. உல்லாசப் பயணமும் வளர, பயிரைக் காட்டி மருந்தை விற்கும் தோட்டங்கள் பெருகின. தோட்டக்காரர்களுக்கு வேண்டியது சீக்கிரம் செய்யக்கூடியதும், பெட்டியில் கெடாததும், மதுவை விலக்கும் பௌத்தரும் முஸ்லிமும் தயங்காமல் வாங்கக்கூடியதுமான பானம். வினாகிரி மூன்றுக்கும் பொருந்தியது. அதில் இஞ்சி, உள்ளி, கறுவா, மிளகு, தேன் ஊறினால் பானம் தயார்.

பலன் பற்றிய பேச்சில் நிதானம் வேண்டும். 2004இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கரொல் ஜோன்ஸ்டனும் உடனாய்வாளர்களும் நடத்திய சிறிய ஆய்வு, மாவுச்சத்து மிகுந்த உணவுக்கு முன் வினாகிரி அருந்தினால் இன்சுலின் செயற்பாடு மேம்படுவதைக் காட்டியது. அது வினாகிரியின் பலன். கலந்த மூலிகையின் கணக்கில் அதை எழுத முடியாது. ஆபத்தும் உண்டு: நீர் கலக்காத வினாகிரி பற்களின் மேற்பூச்சை அரிக்கும், நீரிழிவு மருந்து எடுப்பவருக்குச் சீனி தேவைக்கு மேல் இறங்கவும் கூடும்.

வாங்குபவர் போத்தலின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். இலங்கைச் சந்தையில் தென்னங்கள் வினாகிரியும் உண்டு, அசற்றிக் அமிலத்தை நீரில் கரைத்துச் செய்த செயற்கை வினாகிரியும் உண்டு. இரண்டாவதில் எந்த நொதிப்பும் நடந்ததில்லை. அதில் ஊறிய கடுக்காய்க்குப் பழைய நூல் எதிலும் இடமில்லை. கள் புளித்த வினாகிரியில் நெல்லியும் இஞ்சியும் ஊறியிருந்தால் அது சார்ங்கதரரின் இரண்டாவது சுக்தத்துக்கு ஓரளவு அருகே வரும். எண்ணெயும் உப்பும் மட்டும் குறையும்.