நிழல் மரத்திலிருந்து இலைக்குள்: கேமரன் மலைத் தேயிலையும் மிகையொளியும்

தேயிலைக்கு நிழல் மரம் வேண்டுமா என்ற கேள்விக்குத் தோட்டங்களில் நூறாண்டுக்கும் மேலாக முரணான விடைகள் சொல்லப்பட்டு வந்துள்ளன. விடை சொன்னவர்களில் பெரும்பாலோர் மரத்தையும் மண்ணையும் பார்த்தார்கள். இலை வாங்கும் ஒளி என்னவாகிறது என்பதை அளக்கும் வழி பிந்தித்தான் வந்தது.

ஜே. ஏ. ரசல் 1929-இல் மலேசியாவின் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது, இலங்கையில் அனுபவம் பெற்ற தோட்டக்காரர் ஏ. பி. மில்ன் அவருக்குத் துணையாக இருந்தார். தமிழ்த் தொழிலாளர் உழைப்பில் காடு திருத்திய அந்தச் சரிவுகள் இன்று பெரும்பாலும் திறந்த வெளி. தேயிலையோ இயல்பில் காட்டு மரங்களின் கீழ் வளரும் செடி. நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ நான்கரை பாகை வடக்கே, உச்சி வெயில் நேராக இறங்கும் இடத்தில், அது எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

அசாம் தோட்டக்காரர்கள் 1880-களிலேயே, அல்பிசியா இனத்துச் சௌ மரத்தடியில் தேயிலை செழிப்பதைக் கவனித்தார்கள். அது பயறு இன மரம். வேரால் மண்ணுக்கு நைட்ரஜன் சேர்கிறது என்ற விளக்கம் வலுப்பெற்றது. அது பிழையான விளக்கமன்று, பாதி விளக்கம். அங்குள்ள டோக்லாய் தேயிலை ஆய்வு நிலையத்தின் டபிள்யூ. ஹாட்ஃபீல்டு 1968-இல் இன்னொரு பாதியைக் காட்டினார்: அசாம் வகையின் அகன்று படுக்கையாக விரியும் இலை, வெயிலில் சுற்றுக்காற்றைவிட வெகுவாகச் சூடேறுகிறது, சீன வகையின் நிமிர்ந்த சிற்றிலை அந்த அளவு சூடேறுவதில்லை. ஆக, வெப்பச் சமவெளியில் மரம் குடைபிடித்தது. 1960-களில் கிழக்கு ஆப்பிரிக்காவின் குளிர்ந்த மேட்டுநிலத்தில், உரம் போதிய அளவு இட்டால் நிழலே விளைச்சலைக் குறைக்கிறது என்று சோதனைகள் சொன்னதில் வியப்பில்லை.

தாவர உடலியலார் வந்த பாதை வேறு. கடும் ஒளியில் ஒளிச்சேர்க்கை ஒடுங்குவதை ஆல்பிரட் யூவர்ட் 1896-இல் பதிந்தார். 1956-இல் பெசல் காக் அதை அளந்து ஆராய்ந்தார். 1962-இல் யாமமோட்டோ குழுவினர், பச்சையத்துடன் இருக்கும் வயலோசாந்தின் என்ற மஞ்சள் நிறமி ஒளி மிகும்போது சியாசாந்தினாக மாறி, ஒளி தணிந்ததும் மீள்வதை விளக்கினர். அந்த மாற்றம் எதற்காக என்பது கால் நூற்றாண்டு துலங்காமலே கிடந்தது. பார்பரா டெமிக் குழுவினர்தாம் 1987-இல் அதை மிகையாற்றல் வெளியேற்றத்தோடு பிணைத்தார்கள்.

பொறிமுறை இதுதான். இலை வாங்கும் ஒளி, கரியமில வாயுவைச் சர்க்கரையாக்கும் வேகத்தை மிஞ்சினால், பச்சையம் பொதிந்த தைலகாய்டு சவ்வின் உட்புறம் அமிலமாகிறது. அந்த அமிலத்தன்மை நிறமி மாற்றத்தைத் தூண்டுகிறது. பிஎஸ்பிஎஸ் என்ற புரதமும் அதை உணர்கிறது. அந்தப் புரதம் இன்றியமையாதது என்று கிருஷ்ணா நியோகியின் குழு 2000-இல் காட்டியது. பிறகு மிகையாற்றல் வெப்பமாகக் கழிகிறது. கழிக்க முடியாமல் போனால் ஒளியமைப்பு இரண்டு என்ற புரதத் தொகுதியில் உள்ள டி1 புரதம் சிதையும். சிதைந்ததைக் கழற்றிப் புதிதாகச் செய்து பொருத்தும் வேலை இலைக்குள் ஓயாமல் நடக்கிறது. புரதம் செய்ய நைட்ரஜன் தேவை. அசாம்காரர்களின் பாதி விளக்கம் இங்கே எதிர்பாராத பக்கத்திலிருந்து திரும்பி வருகிறது.

இரு பாதைகளும் சந்தித்த இடங்களில் முக்கியமானது இலங்கை. மொஹோட்டியும் லாலரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு, வயலில் நின்ற தேயிலையில் ஒளி, நைட்ரஜன் இரண்டின் விளைவையும் நாள் முழுதும் சேர்த்தே அளந்தது. கடும் ஒளி ஒளிச்சேர்க்கையை ஒடுக்குவதும் நிழல் அதைத் தணிப்பதும் அதில் தெரிந்தன.

கேமரன் மலையின் சராசரி வெப்பம் சுமார் 18 பாகை செல்சியஸ். ஹாட்ஃபீல்டு கண்ட சூடு இங்கே பெரிய தொல்லையாக இராது. என் பார்வையில் கவனிக்க வேண்டியது, மேகமில்லாத காலைப்பொழுது. குளிரில் சர்க்கரையாக்கும் நொதிகள் மந்தமாகின்றன. பச்சையம் ஒளி வாங்குவதோ குறைவதில்லை. எனவே நடுத்தர வெயில்கூட அப்போது மிகையாகலாம். மலைமூடுபனி படரும் நாள்களில் அதுவே இலவச நிழல்.

இலைக்கு இன்னொரு காப்பும் உண்டு. வெயில் பட்ட கொழுந்தில் பிளவனால்களும் துவர்ப்பு தரும் கேட்டச்சின்களும் கூடுகின்றன. புறஊதாக் கதிரை வடிக்கவும் தீங்கான ஆக்சிஜன் வடிவங்களைத் தணிக்கவும் அவை உதவுகின்றன. ஜப்பானில் கியோகுரோ தேயிலையைப் பறிப்பதற்கு முன் மூடிவைப்பது இதற்கு நேரெதிரான விளைவை நாடித்தான்: துவர்ப்பு குறையும், தியனைன் என்ற அமினோ அமிலம் மிஞ்சும்.

காப்புக்கு விலையும் உண்டு. மேகம் மறைத்த பின்னும் இலை சில நிமிடங்கள் ஆற்றலை வெப்பமாகக் கழித்துக்கொண்டே இருக்கும். 2016-இல் புகையிலையில் இந்தக் கழிப்பு அடங்குவதை மரபணு வழியில் விரைவாக்கியபோது, வயல் சோதனையில் செடியின் உலர்எடை சுமார் 15 விழுக்காடு கூடியது. மேகமும் வெயிலும் கணத்துக்குக் கணம் மாறும் கேமரன் சரிவுகளில் மரம் நடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்குமுன், மிகையாற்றல் கழிப்பைக் காட்டும் பச்சைய ஒளிர்வை அளக்கும் கைக்கருவியோடு காலை வேளையில் கொழுந்து மட்டத்தில் பதிவெடுப்பது பயன் தரும். மாதாந்திர விளைச்சல் கணக்கில் இந்த நிமிடங்கள் தெரிவதில்லை.