மருந்துச் சரக்கும் மற்ற சரக்கும்



முதலில் ஒரு கேள்வி. கொத்தமல்லி விதை, அதிமதுரம், வால்மிளகு, பட்டை, பாதாம், எலுமிச்சைத் தோல். இவற்றை ஒரு தட்டில் வைத்து, இது எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? சளிக்குக் கஷாயம் என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். நாட்டு மருந்துக் கடைக்காரர் இதை மருந்துச் சரக்கு என்பார். பாம்பே சபையர் என்ற பிரபலமான ஜின்னில் போடும் 10 பொருள்களில் இவை 6. ஆக, வேறு பொருளிலும் இது சரக்குதான்!

"டீச்சர், நீங்களா ஜின்னைப் பற்றி எழுதுறீங்க?" என்று சிலர் புருவம் உயர்த்துவது தெரிகிறது. ஒரு சொட்டும் வாயில் வைத்தவள் இல்லை. ஆனால் போன மாதம் போனில் பேசிய பழைய மாணவன் ஒருவன், "ஜின் எல்லாம் பிராந்தி மாதிரி இல்ல டீச்சர். அது மூலிகை. வெள்ளைக்காரன் மலேரியாவுக்கு மருந்தா குடிச்சது" என்றான். இப்படி நினைப்பவன் அவன் ஒருவன் மட்டும் இல்லை என்பதால் இதை இங்கே எழுதுகிறேன். அவன் சொன்னதில் இரண்டு சங்கதி இருக்கிறது. ஒன்று மூலிகை, இன்னொன்று மலேரியா. வரலாற்றுப் பாடம் போல ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஜின் என்ற பெயரே ஒரு காயிலிருந்து வந்தது. பைன் மரத்தின் உறவான ஜூனிபர் செடியின் காய் அது. பார்க்கச் சிறு பழம்போல் கருநீலமாக இருக்கும். நசுக்கினால் பைன் பிசின் வாசனை வரும். ஹாலந்துக்காரர்கள் அதைச் சாராயத்தில் போட்டு 'யெனீவர்' என்றார்கள். ஆங்கிலேயர் அந்தப் பெயரைச் சுருக்கி ஜின் ஆக்கினார்கள். ஆரம்பத்தில் அது மருந்துக் கடையில் வயிற்றுக்கும் சிறுநீர்க் கோளாறுக்கும் கொடுத்த சரக்குதான். அதுவரை நம் மாணவன் சொன்னது சரி.

அடுத்து நடந்ததையும் அவன் படித்திருக்க வேண்டும். 1689இல் ஹாலந்திலிருந்து வந்த மூன்றாம் வில்லியம் இங்கிலாந்தின் அரசரானார். பிரெஞ்சு பிராந்திக்குத் தடையும் வரியும் வந்தன. உள்நாட்டில் யார் வேண்டுமானாலும் சாராயம் காய்ச்சலாம் என்று ஆயிற்று. தானியம் மலிவு, ஜின்னும் மலிவு. லண்டனின் ஏழைத் தெருக்கள் அதில் மூழ்கின. அரசு 1736இல் ஒரு சட்டம் போட்டது, பலிக்கவில்லை. 1751இல் இன்னொரு சட்டம் வந்த பிறகுதான் கொஞ்சம் அடங்கியது. அதே 1751இல் வில்லியம் ஹோகார்த் என்ற ஓவியர் 'ஜின் சந்து' என்றொரு படம் வெளியிட்டார். போதையில் இருக்கும் தாயின் கையிலிருந்து குழந்தை நழுவி விழுகிறது. அந்தத் தாய்க்கு அது தெரியவில்லை. மருந்தாகப் பிறந்த பொருள் நூறு ஆண்டுக்குள் வந்து சேர்ந்த இடம் அது.

இனி ஒவ்வொரு ஜின்னுக்கும் என்ன வேறுபாடு என்று பார்ப்போம். அடிப்படைச் சாராயம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். தானியத்திலிருந்தோ, கரும்பாலை மொலாசஸிலிருந்தோ எடுத்த மணமற்ற சாராயம். 1830இல் ஈனியஸ் காஃபி என்பவர் தொடர்ந்து காய்ச்சி வடிக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்ற பிறகு இந்தச் சாராயம் சுத்தமாகக் கிடைத்தது. அதற்குமுன் நாற்றத்தை மறைக்கச் சர்க்கரை போட வேண்டியிருந்தது. சர்க்கரை போடாத வகைக்குத்தான் 'லண்டன் டிரை' என்று பெயர். லண்டனில்தான் செய்ய வேண்டும் என்றில்லை.

ஆகவே ஒரு ஜின்னை இன்னொன்றிலிருந்து பிரிப்பது சாராயம் இல்லை, அதில் சேரும் சரக்கும் அதைச் சேர்க்கும் முறையும்தான். ஒரே துவரம்பருப்பில் நாலு வீட்டுச் சாம்பார் நாலு விதமாக மணப்பதுபோல.

1830இல் தொடங்கிய டாங்கரேயில் நாலே பொருள்: ஜூனிபர், கொத்தமல்லி விதை, ஏஞ்சலிகா வேர், அதிமதுரம். அதனால் ஜூனிபர் வாசனை தூக்கலாக நிற்கும். 1860களில் ஜேம்ஸ் பரோ தொடங்கிய பீஃபீட்டரில் 9 பொருள். எலுமிச்சைத் தோலும் கசப்பு ஆரஞ்சுத் தோலும் உண்டு. எல்லாவற்றையும் 24 மணி நேரம் சாராயத்தில் ஊறவைத்த பிறகே வடிப்பார்கள். பாம்பே சபையரில் ஊறவைப்பதே இல்லை. துளை போட்ட செம்புக் கூடைகளில் சரக்கை வைத்து, சாராய ஆவியை அதன் வழியே விடுவார்கள். தண்ணீரில் வேகவைப்பதற்கும் இட்லிப் பானையில் ஆவி கட்டுவதற்கும் உள்ள வேறுபாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மணம் மெலிதாக இருக்கும். பெயர்தான் பாம்பே, பிறந்தது 1987இல், செய்வது இங்கிலாந்தில். ஸ்காட்லாந்தின் ஹெண்ட்ரிக்ஸ் 1999இல் வந்தது. வடித்த பிறகு அதில் ரோஜாச் சாறும் வெள்ளரிச் சாறும் சேர்க்கிறார்கள். ஜெர்மனியின் மங்கி 47இல் 47 பொருள். அந்த நிறுவனம் சொல்லும் கதைப்படி, இந்த ஜின்னுக்கு மூலகாரணமான மாண்ட்கோமரி காலின்ஸ் என்ற ஆங்கில விமானப்படை அதிகாரி பிறந்தது நம் மதராஸில்!

ஆனால் எனக்குப் பிடித்த கதை இலங்கையுடையது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜின்னுக்கு வேண்டிய பல சரக்குகள் கொழும்புக்கு வந்து சேருவது கஷ்டமானது. ராக்லாண்ட் என்ற வடிப்பாலையில், கிடைத்ததைக் கொண்டு சமாளித்தார்கள். ஜூனிபர், ஏஞ்சலிகா, அதிமதுரம், கொத்தமல்லியோடு இலங்கைக் கறுவாப்பட்டை, இஞ்சி, நம் கறிவேப்பிலை. பிற்காலத்தில் அதே பக்குவத்தை 'கொழும்பு நம்பர் 7' என்ற பெயரில் வெளிநாட்டுக்கும் அனுப்பினார்கள். கொழும்பு 7 என்பது கறுவாத்தோட்டம் என்று இலங்கைத் தமிழர்கள் சொல்லும் பகுதி. பற்றாக்குறையில் செய்த மாற்றமே பிறகு அதன் தனிச்சிறப்பானது.

இந்தியாவிலும் 2017க்குப் பிறகு கோவாவிலிருந்து இந்த வரிசை வந்தது. கிரேட்டர் தேன் முதலில் வந்தது. அதை அடுத்து ஹபுசா. ஜூனிபருக்கு வடமொழியில் வழங்கும் பெயர் அது. இமயமலை ஜூனிபரோடு மஞ்சள், மாங்காய், ஏலக்காய் போடுகிறார்கள். ஜெய்சால்மரில் வெட்டிவேர்கூட உண்டு. ஒரு காலத்தில் நம் அம்மாமார் பானைத் தண்ணீரில் போட்ட வெட்டிவேர்!

ஆக, மூலிகை உண்மை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தியாவில் விற்கும் ஜின்னில் பொதுவாக 42.8 சதவீதம் ஆல்கஹால். பிராந்தியிலும் அதே 42.8தான். மூலிகையிலிருந்து வருவது மணத்துக்கான எண்ணெய், அதுவும் துளியளவு. கொத்தமல்லி சேர்ந்ததால் ஆல்கஹால் கல்லீரலிடம் மரியாதையாக நடந்துகொள்ளாது.

அடுத்தது மலேரியா. இதற்கு நம் ஊரிலிருந்தே தொடங்கலாம்.

தாங்கல் என்றால் சிறிய ஏரி. ஐயப்பன்தாங்கல், நம் சுற்றுவட்டாரத்தில் உள்ள மற்ற தாங்கல்கள், பெரிய ஏரிகள் எல்லாம் சேர்ந்து இது தண்ணீர்ப் பிரதேசம். நம் ஊர் வழியே போகும் மவுண்ட்-பூந்தமல்லி சாலையின் ஒரு முனையில் பரங்கிமலை, பீரங்கிப் படையின் பாளையம். மறுமுனையில் பூந்தமல்லி, இங்கிலாந்திலிருந்து வந்த சிப்பாய்களும் நோயில் விழுந்தவர்களும் தங்கிய முகாம். இந்த நாட்டில் வெள்ளைக்காரச் சிப்பாய்களைச் சண்டையைவிடக் காய்ச்சலும் பேதியும்தான் அதிகம் கொன்றன. சாதாரணச் சிப்பாய்க்குப் படியாகக் கிடைத்தது சாராயமும் ரம்மும். ஜின், அதிகாரிகளின் கிளப்புச் சமாச்சாரம்.

காய்ச்சலுக்கு மருந்து தென் அமெரிக்காவின் சிங்கோனா மரப்பட்டை. அதிலிருந்து 1820இல் பெல்லத்தியே, காவந்து என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் குயினைனைப் பிரித்தெடுத்தார்கள். 1860இல் கிளமென்ட்ஸ் மார்க்கம் பெருவிலிருந்து கொண்டுவந்த நாற்றுகள் ஊட்டியில் பிழைக்கவில்லை. அடுத்து வந்த விதைகளும் நாற்றுகளும் பிழைத்தன. ஊட்டி தாவரவியல் பூங்காவை அமைத்த மெக்கைவர் அவற்றைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்தார்.

அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் கைதிகளும் உண்டு. மலாக்கா நீரிணைப் பகுதியிலிருந்து மதராஸ் மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனர்களை நீலகிரிக்குக் கொண்டுபோனார்கள். நடுவட்டத்தில் அவர்களை அடைத்த சிறைக் கட்டடம் இன்றும் தேயிலைத் தொழிற்சாலை வளாகத்தில் இருக்கிறது. விடுதலையான சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டு, மாடு வளர்த்து அங்கேயே வாழ்ந்தார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அந்தக் குடும்பங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். குயினைன் வரலாற்றில் நாம் நினைக்க வேண்டியவர்கள் இவர்கள். கிளப்பில் கோப்பையோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஏற்கெனவே நிறையப் படம் இருக்கிறது.

குயினைன் கடுங்கசப்பு. கசப்பை மறைக்க ஒயினிலோ சாராயத்திலோ கலந்து கொடுத்ததும் உண்மையே. ஆனால் டானிக் வாட்டர் வேறு. 1858இல் லண்டனில் எராஸ்மஸ் பாண்ட் காப்புரிமை பெற்ற கசப்புச் சோடா அது. ஜின்னும் டானிக்கும் சேர்ந்து அச்சில் வந்ததாக நமக்குத் தெரிந்த மிகப் பழைய குறிப்பு 1868இல், இந்தியாவில் வந்த ஓர் ஆங்கில விளையாட்டு இதழில் இருக்கிறது. அதில் நோயாளியும் இல்லை, வைத்தியரும் இல்லை. குதிரைப் பந்தயக் கூட்டத்தில் களைப்புத் தீரக் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள், அவ்வளவுதான்.

கணக்கும் போட்டுவிடுவோம், ஆசிரியர் புத்தி போகுமா? அமெரிக்காவில் டானிக் வாட்டரின் ஒரு லிட்டரில் குயினைன் 83 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. பெரியவர் ஒருவருக்கு மலேரியா மருந்தாகக் கொடுக்கும் அளவு, வேளைக்கு 600 மில்லிகிராம் வீதம் நாளைக்கு மூன்று வேளை, மொத்தம் 1800. வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 22 லிட்டர் டானிக் வாட்டர் குடிக்க வேண்டும். அதுவும் பல நாள். ஒவ்வொரு டம்ளருக்கும் ஜின் சேர்த்தால் மலேரியாவுக்கு முன்பே வேறு ஏதாவது முந்திக்கொள்ளும்.

நம் மாகாணத்திலும் மருந்து என்ற சொல் நிறைய உழைத்திருக்கிறது. ராஜாஜி 1937 அக்டோபர் 1இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் அது மாகாணம் முழுவதற்கும் வந்தது. அப்போதும் மருத்துவக் காரணம் காட்டி பெர்மிட் வாங்கியவர்கள் இருந்தார்கள்.

இதை நான் விளையாட்டாக எழுதவில்லை. என்னிடம் அ, ஆ எழுதப் பழகிய பிள்ளைகளில் மூன்று பேரின் சாவுக்குக் குடியால் போயிருக்கிறேன். மூவரும் 50 தாண்டவில்லை. ஒருவன் வகுப்பிலேயே அழகான கையெழுத்துக்காரன். முதலில் "உடம்பு வலிக்கு டீச்சர்" என்றுதான் சொன்னான். அவனுக்கு அது மலிவுச் சரக்கு. இன்று உங்களுக்கு வெட்டிவேர் மணக்கும் சரக்கு. விலை வேறு, காரணம் சொல்லும் விதம் ஒன்றுதான். குடியில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது.

குடிப்பதும் குடிக்காததும் பெரியவர்களாகிவிட்ட உங்கள் முடிவு. உங்கள் காதைத் திருக இப்போது எனக்கு உரிமையில்லை, கைக்கும் எட்டாது. குடிப்பவர்கள் மருந்து என்று சொல்லிக் குடிக்காதீர்கள். பிள்ளைகள் காதில் விழும்படி அப்படிச் சொல்லவே சொல்லாதீர்கள்.

பள்ளி லீவில் ஊட்டி போகிறவர்கள், கூடலூர் சாலையில் நடுவட்டத்தில் ஒரு அரை மணி நேரம் இறங்குங்கள். அந்தச் சிறைக் கட்டடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சிங்கோனா மரம் கண்ணில் பட்டால் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். எனக்கு முழங்கால் வலி, இனி அவ்வளவு தூரம் போக முடியாது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
ஐயப்பன்தாங்கல்