மூத்தப்பாவின் சாரத்துக் கட்டம்

தம்பிக்கு நிக்காஹ். ஸ்கொட்லாந்துக்காரர் கில்ட்டுக்குத் தங்கள் குலத்து டார்ட்டன் கட்டத்தைத் தேடி எடுப்பதுபோல, அவனுக்கும் 'குடும்பக் கட்டம்' போட்ட சாரம் வேண்டுமாம்.

அந்த டார்ட்டன் கதையே வேறு. 1746இல் பிரித்தானியப் பாராளுமன்றம் மலைநாட்டு உடையைத் தடுத்துச் சட்டம் போட்டது, 1782இல்தான் நீக்கியது. குலத்துக்கொரு கட்டம் என்பது 1822இல் நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோ வந்ததோடுதான் பெரிதாகப் பரவியது. துணி வியாபாரிகளுக்கு நல்ல காலம்!

எங்கள் கட்டம் பளையகாட். பழவேற்காடுதான் அப்படித் திரிந்தது. ஒல்லாந்தர் 1613இல் அங்கே கோட்டை அமைத்தார்கள். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து, ஊர்காவற்றுறைத் தீவை லைடன் என்றும் நயினாதீவை ஹார்லெம் என்றும் அழைத்தார்கள். நெடுந்தீவில் மட்டும் டெல்ஃப்ட் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மலாய்க்காரருக்கு அதே துணி பெலிக்காட். எந்த நெசவாளியும் நம் குடும்பப் பெயரைக் கேட்டுக் கட்டம் போடவில்லை. ஆனால் மூத்தப்பா ஆயுள் முழுக்க ஒரே கட்டத்தைத்தான் கட்டினாராம்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து எங்களை விரட்டியபோது பெட்டகம் அங்கேயே நின்றுவிட்டது. இப்போது புத்தளத்தில் எங்களிடம் இருப்பது ஒரு கறுப்பு வெள்ளைப் படம். கோடுகளை எண்ணலாம், நிறம் தெரியாது. சாச்சி பச்சை என்கிறார், மாமா நாவல் நிறம் என்கிறார். இரண்டையும் எடுங்கள் என்று உம்மா சொல்லிவிட்டார்.